ஒட்டாவாவில் ஒரு டிரைவ்வே: 9,600 டாலர் நியாயமா?

கேள்வி: ஐயா, வணக்கம். கோலாலம்பூர், செந்தூலில் இருந்து எழுதுகிறேன். என் மகளும் மருமகனும் கனடாவில், ஒட்டாவாவில் இருக்கிறார்கள். போன வருஷம் ஒரு பழைய வீடு வாங்கினார்கள். ரோட்டிலிருந்து கராஜ் வரை தார் போட்ட டிரைவ்வே, சுமார் 800 சதுர அடி. அது முழுக்க வெடித்துக் கிடக்கிறது. கராஜ் வாசலில் முதலைத் தோல் மாதிரி பொடிப்பொடியாக விரிசல். பனிக்காலத்தில் ஒரு பக்கம் தூக்கிக்கொள்கிறது, கோடையில் இறங்கிவிடுகிறது என்கிறாள். மூன்று கொட்டேஷன் வாங்கியிருக்கிறார்கள். பழைய தாரின் மேலேயே ஒன்றரை அங்குலம் போட ஒருவர் 4,800 டாலர் கேட்கிறார். பழையதை எடுத்துவிட்டு, தேவைப்பட்டால் கல் சேர்த்து, இரண்டரை அங்குலம் போட இன்னொருவர் 7,900. தோண்டி எடுத்து, கல் கொட்டி, மூன்று அங்குலம் போட மூன்றாமவர் 9,600. வரி தனி. நம் காசுக்கு ஏறக்குறைய 30,000 ரிங்கிட்! சாலைக் குத்தகை எடுத்துச் செய்யும் என் தம்பி, "அக்கா, இது பகல் கொள்ளை. நம்ம ஊரில் இதில் கால்வாசிகூட ஆகாது" என்கிறான். என் இபிஎஃப் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். மகள் ஏமாறுகிறாளா? எதை எடுக்கச் சொல்லட்டும்?

பதில்: அம்மா, வணக்கம். உங்கள் மகள் ஏமாறவில்லை. 9,600 கேட்பவர் கொள்ளையடிக்கவும் இல்லை. 4,800 கேட்பவரிடம் கொடுத்தால்தான் அந்தப் பணம் வீணாகும். நடுவில் இருப்பவரிடம் வேலையைக் கொடுக்கலாமா என்பது, எவ்வளவு கல் சேர்ப்பார் என்பதை அவர் எழுதித் தருகிறாரா என்பதைப் பொறுத்தது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று விளக்குகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி சொல்வது நம் ஊர்க் கணக்குக்குச் சரிதான். நான் இங்கே சாலை வேலையில் இருந்தவன், சில காலம் ஒட்டாவா இருக்கும் ஒன்டாரியோ மாநிலத்திலும் அதே வேலை பார்த்தவன். அதனால் இரண்டு பக்கக் கணக்கும் தெரியும். கோலாலம்பூரில் தார் ரோட்டுக்கு எதிரி வெயிலும் மழையும். மத்தியான வெயிலில் தாரின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொடும். தார் இளகும், லாரி போகிற தடத்தில் பள்ளம் விழும். அதனால் இங்கே கெட்டியான தாரைத்தான் போடுகிறோம். 60/70 என்று உங்கள் தம்பி சொல்லக் கேட்டிருப்பீர்கள். 25 டிகிரி சூட்டில், 100 கிராம் எடையுள்ள ஊசியைத் தாரின் மேல் 5 வினாடி விட்டால் அது 6 முதல் 7 மில்லிமீட்டர் வரை இறங்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள்.

அந்தத் தாரைக் கொண்டுபோய் ஒட்டாவாவில் போட்டால் முதல் ஜனவரியிலேயே குறுக்கே குறுக்கே வெடித்துவிடும். அங்கே இரவில் பூஜ்யத்துக்குக் கீழே 20, 25 டிகிரி போவது சாதாரணம், 30-ஐத் தொடும் இரவுகளும் உண்டு. குளிரில் தார் சுருங்கும். சுருங்க இடமில்லாதபோது கிழியும். அதனால் அங்கே தாரை இரண்டு எண்களால் அழைக்கிறார்கள்: பிஜி 58-28, பிஜி 58-34 என்று. முதல் எண் அது தாங்க வேண்டிய கோடைச் சூடு. இரண்டாவது, அது வெடிக்காமல் தாங்க வேண்டிய குளிர், பூஜ்யத்துக்குக் கீழே எத்தனை டிகிரி என்பது. தெற்கு ஒன்டாரியோவில் 58-28 பரவலாகப் புழங்குகிறது. வடக்கே போகப் போக இரண்டாவது எண் 34 ஆகிவிடும். இப்படி இரண்டு முனையும் தாங்குகிற தாருக்கு, 34 ரகத்துக்குக் குறிப்பாக, பெரும்பாலும் பாலிமர் கலக்க வேண்டியிருக்கும். அதற்கு விலை உண்டு.

ஆனால் கொட்டேஷன் ஏறுவதற்குத் தார் பெரிய காரணமில்லை. காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. உங்கள் மகள் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் பட்டது விரிசல் அல்ல, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு கோடையில் இறங்குகிறது என்பதுதான்.

ஒட்டாவாவில் குளிர் மண்ணுக்குள் ஒரு மீட்டருக்கும் மேல் இறங்கும். உறைபனி எட்டாத ஆழம் வேண்டும் என்பதற்காக வீட்டு அஸ்திவாரத்தையே ஒன்றரை மீட்டருக்குக் கீழே கொண்டுபோவார்கள். தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியும் என்று பள்ளியில் படித்திருப்போம். அது மட்டும் என்றால் டிரைவ்வே இவ்வளவு தூக்காது. நடப்பது வேறு. மேலே மண் உறைய ஆரம்பித்ததும், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல, உறைகிற இடம் கீழே இருக்கும் ஈரத்தை மேலே இழுக்கும். இழுத்த தண்ணீர் அங்கேயே உறைந்து, மண்ணுக்குள் தட்டுத் தட்டாகப் பனிக்கட்டி வளரும். குளிர்காலம் முழுக்க வளரும். அது தூக்குவதைத்தான் உங்கள் மகள் பார்க்கிறாள்.

இது எல்லா மண்ணிலும் நடக்காது. பெருமணலும் கல்லும் தண்ணீரை மேலே இழுக்காது. நுண்ணிய வண்டல் மண்ணும் வண்டல் கலந்த களிமண்ணும் இழுக்கும். ஒட்டாவா பள்ளத்தாக்கில் பல இடங்களில் இருப்பது கடல் களிமண். பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால், பனியுகம் முடிந்த காலத்தில், சாம்ப்ளேன் கடல் என்று இன்று சொல்லப்படும் ஒரு கடல் அந்த நிலத்தை மூடியிருந்தது. அது விட்டுப்போன களிமண்ணுக்கு லெடா களிமண் என்று பெயர். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கலைத்துவிட்டால் கூழாகும் மண். உங்கள் மகள் வீடு அதன் மேல்தான் இருக்கிறதா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. தோண்டும்போது சாம்பல் நிறத்தில் பிசுபிசுப்பான மண் வந்தால் அதுவாக இருக்கலாம்.

தூக்குவதைவிட இறங்கும்போதுதான் சேதம் அதிகம். மார்ச், ஏப்ரலில் பனி மேலிருந்து கீழ் நோக்கி உருகும். அடியில் இன்னும் உறைந்திருப்பதால் உருகிய தண்ணீருக்குப் போக வழியில்லை. தாருக்கு அடியில் மண் சேறாக நிற்கும். அந்த நேரத்தில் கராஜுக்குள் போய் வருகிற கார், பிடிமானம் இல்லாத தாரின் மேல் ஏறி இறங்குகிறது. முதலைத் தோல் விரிசல் அப்படித்தான் வருகிறது. இது சின்ன விஷயம் இல்லை. ஒன்டாரியோவில் அந்த மாதங்களில் பல சாலைகளில் லாரிகள் ஓர் அச்சுக்கு 5 டன்னுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அரசாங்கச் சாலைக்கே அந்தக் கதி என்றால் வீட்டு வாசலுக்குச் சொல்ல வேண்டுமா?

குளிர், இழுக்கிற மண், தண்ணீர். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் டிரைவ்வே தூக்கும். குளிரை நாம் ஒன்றும் செய்ய முடியாது. மண்ணில் மேல் பகுதியை எடுத்துவிட்டுக் கல் போடலாம். தண்ணீரை வேறு பக்கம் திருப்பலாம். ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு யாரும் தோண்டப் போவதில்லை, அதனால் தூக்குவது முழுதாக நிற்காது. ஆனால் நல்ல கல் தளம் இருந்தால் எல்லா இடமும் ஒரே மாதிரி ஏறி இறங்கும், உருகுகிற தண்ணீருக்கும் வழி கிடைக்கும். தார் பிழைத்துக்கொள்ளும்.

இப்போது உங்கள் மகளின் 800 சதுர அடியை எடுத்துக்கொள்வோம். ரோலர் போட்டு முடித்த பின் இரண்டரை அங்குலத் தார் வேண்டுமென்றால் சுமார் 11 டன் தார்க்கலவை போதும். அதற்கு அடியில் 8 அங்குலம் கல் போட வேண்டுமென்றால் அது மட்டும் 33 டன் அளவுக்கு வரும். இரண்டுக்கும் இடம் வேண்டும் அல்லவா? அதற்காகப் பழைய தாரையும் மண்ணையும் சுமார் 20 கன மீட்டர் தோண்டி எடுத்து, லாரியில் ஏற்றி, காசு கொடுத்துக் கொட்டிவிட்டு வர வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற கறுப்புப் பகுதி மொத்த வேலையில் சின்னப் பங்குதான். உங்கள் தம்பி இங்கே பிரிமிக்ஸ் என்கிற தார்க்கலவையைப் போடும்போது, அடியில் இருக்கும் கிரஷர் ரன், அதாவது உடைத்த கல்லும் கல்தூளும் கலந்த தளம், ஏற்கெனவே கெட்டியாக இருக்கும், அது உறைவதே இல்லை. மேலே போட்டுவிட்டு வந்துவிடலாம். அப்புறம், அவர் ஒரே நாளில் நீளமான ரோட்டுக்குப் போடுகிறவர். தாரைப் பரப்பும் பேவரையும் ரோலரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய் 800 சதுர அடி மட்டும் போட்டுவிட்டு வா என்றால், அவரும் அடிக்கு இவ்வளவு என்று பேச மாட்டார், வந்து போகவே இவ்வளவு என்றுதான் பேசுவார்.

இன்னொரு காரணம் பருவம். தார்க்கலவை ஆலையிலிருந்து ஏறக்குறைய 150 டிகிரி சூட்டில் கிளம்புகிறது. 80 டிகிரி அளவுக்கு ஆறுவதற்குள் ரோலர் வேலையை முடித்துவிட வேண்டும். அப்புறம் எவ்வளவு உருட்டினாலும் இறுகாது. உறைந்த தரையில் போட்டால் நிமிஷங்களில் ஆறிவிடும். அதனால் அங்கே குளிர்காலத்தில் ஆலைகளையே மூடிவிடுகிறார்கள். மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை, இழுத்தால் நவம்பர் தொடக்கம் வரைதான் வேலை. ஒரு வருஷத்துக்கான இயந்திரத் தவணை, காப்புறுதி, ஆட்கள் செலவு எல்லாவற்றையும் இந்த ஆறு மாதத்தில் சம்பாதிக்க வேண்டும். நமக்கு வருஷம் முழுக்க வேலை. மழை வந்தால் ஒரு மணி நேரம் ஒதுங்கி நிற்போம், அவ்வளவுதான்.

சரி, மூன்று கொட்டேஷனுக்கு வருவோம். சதுர அடிக்கு 6 டாலர், கிட்டத்தட்ட 10 டாலர், 12 டாலர். இதோடு ஒன்டாரியோவின் எச்எஸ்டி வரி 13 சதவீதம் சேரும். 9,600 என்பது 10,848 ஆகிவிடும். மகளிடம் பேசும்போது வரி சேர்த்த தொகையையே பேசுங்கள்.

4,800 வேண்டாம். அடித்தளம் கெட்டியாக இருந்து மேல் பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் மேலே ஓர் அடுக்கு போடுவது நல்ல வேலைதான். இங்கே அடித்தளமே போய்விட்டது. கீழே இருக்கும் விரிசல் ஒவ்வொன்றும் புதுத் தாரின் வழியாக மேலே வரும். ஓரிரு குளிர்காலம் போதும். ஒன்றரை அங்குலம் என்பது சீக்கிரம் ஆறிவிடுகிற மெல்லிய அடுக்கு வேறு. கராஜ் வாசலில் மட்டம் உயர்ந்து, உருகுகிற பனித் தண்ணீர் உள்ளே வரும் ஆபத்தும் உண்டு. இரண்டு வருஷம் கழித்து எல்லாவற்றையும் தோண்டும்போது, இந்த 4,800-க்குப் போட்ட தாரையும் காசு கொடுத்து அகற்ற வேண்டியிருக்கும்.

7,900 கேட்பவரைத் தள்ளிவிட வேண்டாம், கேள்வி கேட்க வேண்டும். "தேவைப்பட்டால்" என்று யார் முடிவு செய்வது? பழைய தாரை எடுத்த பிறகு, வாசல் முழுக்கச் சேறாகக் கிடக்கும்போது, "கல் போதவில்லை, இன்னும் 3,000 ஆகும்" என்றால் உங்கள் மகளால் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? அதனால் இப்போதே எழுதி வாங்க வேண்டும். இறுக்கிய பிறகு கல் எத்தனை அங்குலம் இருக்கும், கூடுதல் கல் தேவைப்பட்டால் டன்னுக்கு என்ன விலை, தார் இரண்டரை அங்குலம் என்பது ரோலர் போடும் முன்பா பின்பா. இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடக் கூடாது. தளர்வாகக் கொட்டிய இரண்டரை அங்குலம் ரோலர் போனதும் இரண்டு அங்குலம்தான் நிற்கும். பொய் சொல்லாமலே அரை அங்குலத்தைக் குறைத்துவிடலாம். கல்லுக்கு அங்கே கிரானுலர் ஏ என்று பெயர், நம் கிரஷர் ரன்னுக்குப் பக்கத்துச் சொந்தம். வீட்டு டிரைவ்வேக்குப் பெரும்பாலும் போடும் தார்க்கலவை எச்எல்3. இந்தப் பெயர்கள் கொட்டேஷனில் இருக்க வேண்டும்.

9,600 கேட்பவர் சரியான வேலையைச் சொல்கிறார். ஆனால் அவரும் கல்லின் ஆழத்தைச் சொன்னதாக உங்கள் கடிதத்தில் இல்லை. என் அபிப்பிராயம் இது: வீட்டுக் கார்கள் மட்டும் போகிற இடத்துக்கு மூன்று அங்குலத் தார் தேவையில்லை. நல்ல தளத்தின் மேல் இரண்டரை போதும். "தாரில் அரை அங்குலம் குறைத்து, கல்லில் இரண்டு அங்குலம் கூட்டிக் கொடுக்க முடியுமா" என்று கேட்கச் சொல்லுங்கள். களிமண்ணாக இருந்தால் மண்ணுக்கும் கல்லுக்கும் நடுவே ஜியோடெக்ஸ்டைல் துணி விரிக்கச் சொல்ல வேண்டும். மொத்தச் செலவில் அது சின்னத் தொகை. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு வசந்தத்திலும் கொஞ்சம் கல் சேற்றுக்குள் இறங்கும், கொஞ்சம் சேறு கல்லுக்குள் ஏறும். நடுவில் இருப்பவர் இதையெல்லாம் எழுத்தில் கொடுத்தால் அவருக்கே வேலையைக் கொடுக்கலாம். இழுத்தடித்தால் மூன்றாமவர்.

யாருக்குக் கொடுத்தாலும் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. கராஜ் வாசலில்தான் அதிக விரிசல் என்கிறீர்கள். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் அந்த மூலையில் கொட்டுகிறதா என்று மருமகனைப் பார்க்கச் சொல்லுங்கள். பல வீடுகளில் அப்படித்தான் இருக்கும். கொட்டினால் அந்தக் குழாயைப் புல்தரைப் பக்கம் நீட்டிவிட வேண்டும். அதற்குச் சில பத்து டாலர்தான் ஆகும். அதைச் செய்யாமல் 10,000 டாலர் செலவழித்தால் புதுத் தாரும் அதே இடத்தில்தான் உடையும். புது டிரைவ்வே வீட்டை விட்டு விலகிச் சரிய வேண்டும், 10 அடிக்கு இரண்டரை அங்குலம் என்ற கணக்கில்.

சட்டம் சார்ந்த சில விஷயங்களும் உண்டு. தோண்டுவதற்கு முன் நிலத்தடிக் குழாய்களையும் கம்பிகளையும் குறித்துத் தர ஒன்டாரியோ ஒன் கால் என்ற அமைப்பு இருக்கிறது. வீட்டுக்காரருக்கு இலவசம். குத்தகையாளர் அதைச் செய்தாரா என்று கேட்க வேண்டும். ரோட்டை ஒட்டிய கொஞ்சப் பகுதி நகராட்சிக்குச் சொந்தம். டிரைவ்வேயை அகலப்படுத்தும் எண்ணம் இருந்தால் முதலில் நகராட்சியைக் கேட்க வேண்டும். தொழிலாளர் காப்புறுதிச் சான்றிதழையும் பார்க்க வேண்டும். ஒப்பந்தத்தில் மதிப்பீட்டுத் தொகை எழுதியிருந்தால், அதை 10 சதவீதத்துக்கு மேல் தாண்டிக் கேட்க ஒன்டாரியோ சட்டம் அனுமதிப்பதில்லை. முன்பணம் சிறிய தொகையாக இருக்கட்டும், முழுப் பணத்தை முன்கூட்டியே யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

இதையும் மகளிடம் சொல்லுங்கள். "பக்கத்துத் தெருவில் வேலை முடித்தோம், லாரியில் தார் மீதி இருக்கிறது, பாதி விலைக்குப் போட்டுத் தருகிறோம்" என்று கோடையில் கதவைத் தட்டுகிறவர்கள் வருவார்கள். வட அமெரிக்கா முழுக்க நடக்கும் பழைய மோசடி இது. தரையைக்கூடப் பெருக்காமல் மெல்லியதாக ஓர் அடுக்கைப் பரப்பிவிட்டு, ரொக்கத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். சூடான தாரை மீதி வைத்துக்கொண்டு எந்த நல்ல குத்தகையாளரும் தெருத்தெருவாகச் சுற்ற மாட்டார். ஒருவேளை யாரிடமாவது வீட்டு வாசலில் கையெழுத்துப் போட்டுவிட்டால், பயப்பட வேண்டாம், 10 நாளுக்குள் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை அங்கே இருக்கிறது.

சிமெண்டு போட்டுவிடலாமே, நம் வீட்டுக் கார் போர்ச் மாதிரி டைல்ஸ் ஒட்டலாமே என்றும் உங்களுக்குத் தோன்றலாம். டைல்ஸ் முதல் குளிர்காலத்திலேயே பெயர்ந்துவிடும். கான்கிரீட் செலவு இன்னும் அதிகம், பனியை உருக்கத் தூவும் உப்பு அதன் மேற்பரப்பை உரித்துவிடும். தார் வளைந்து கொடுக்கும், உப்புக்கு அவ்வளவாக அசையாது, கறுப்பாக இருப்பதால் வெயில் அடித்ததும் பனியும் சீக்கிரம் உருகும். அந்த ஊருக்கு அதுதான் பொருத்தம்.

உங்கள் இபிஎஃப் பணம் பற்றி நீங்கள் என்னைக் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், அம்மா. அந்தப் பணம் உங்கள் முதுமைக்கு. ஒட்டாவாவில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் நின்றுவிட்டால் அன்றைக்கே பணம் வேண்டும், கூரை ஒழுகினால் அந்த மாதமே வேண்டும். விரிசல் விட்ட டிரைவ்வே காத்திருக்கும். கராஜ் வாசல் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, அங்கே ஆழமாகக் கல் போட்டுத் தார் ஒட்டவும், மற்ற விரிசல்களில் சூடான ரப்பர் கலந்த தாரை ஊற்றவும் என்ன ஆகும் என்று தனியாக ஒரு கொட்டேஷன் கேட்கச் சொல்லுங்கள். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் தண்ணீர் உள்ளே இறங்குவது குறையும், இரண்டு மூன்று வருஷம் தள்ளலாம். அதற்குள் அவர்களே சேர்த்துவிடுவார்கள். முழுதாகச் செய்வதென்றால், குளிர்காலத்திலேயே பேசி ஒப்பந்தம் போட்டு, ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் வேலையை வைத்துக்கொள்ளட்டும். அக்டோபர் கடைசியில் அவசரமாக முடித்துத் தருகிறேன் என்றால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிவிடட்டும்.

வேலை முடிந்து சில நாள் வரை காரை ஏற்றக் கூடாது. முதல் கோடையில் நின்ற இடத்திலேயே ஸ்டீரிங்கைத் திருப்பினால் தார் சிராய்த்துக்கொள்ளும், அதையும் கவனிக்கட்டும். தாரைப் பாதுகாக்க மேலே சீலர் பூச உடனே ஆள் வருவார்கள், ஒரு வருஷமாவது கழியட்டும். அப்புறமும் வருஷா வருஷம் தேவையில்லை, மூன்று வருஷத்துக்கு ஒரு முறை போதும். வாங்கும்போது டப்பாவில் நிலக்கரித் தார் என்று போட்டிருந்தால் வேண்டாம். அதில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வேதிப்பொருள்கள் அதிகம். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலம் 2011-லும் மினசோட்டா 2014-லும் அதைத் தடை செய்துவிட்டன. பெட்ரோலியத் தாரில் செய்த எமல்ஷன் சீலரே போதும். ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் பனி விழும் முன் புது விரிசல் இருக்கிறதா என்று ஒரு முறை நடந்து பார்த்து, இருந்தால் அன்றைக்கே அடைத்துவிடச் சொல்லுங்கள்.